அத்தானின் பயம்

அத்தானுக்கு ஊசி என்றால் பயம். உயர்தரம் படிப்பதற்காகப் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து அக்கா வீட்டில் தங்கிய முதல் மாதத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. கம்பனி மைதானத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று அவர் காலில் ஏறியிருந்தது. அன்று அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் டிஸ்பென்சரிக்கு நான்தான் கூடப் போனேன். டொக்டர் மருந்தை ஊசியில் ஏற்றுவதைக் கண்டதும் அந்தப் பெரிய மனிதரின் முகம் வெளிறிவிட்டது. "பாப்பா, கொஞ்சம் கையப் புடிச்சுக்க" என்றார் மெதுவாக. பிடித்துக்கொண்டேன். முந்திய கிழமைதான் நகர மண்டபத்துக் குத்துச்சண்டையில் சனங்கள் எழுந்து நின்று கத்த, தன்னைவிட உயரமான ஒருவனைக் கயிற்றோடு சாய்த்த கை அது. ஊசி போட்டு முடியும்வரை என் விரல்களை அது விடவில்லை. வெளியே வந்ததும், "இத யாருகிட்டயும் சொல்லிராத" என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "உங்க அக்காவுக்குத் தெரியும். சந்துல சொல்லிராத" என்றார்.

சந்து என்றால் ரயில் பாதைக்குக் கீழே மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல நின்ற இரண்டு வரிசை வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் மண் சரியாமலிருக்கக் கட்டிய உயரமான கருங்கல் மதில். அதற்கு மேலே பற்றைக்காடு, அதற்கும் மேலே தண்டவாளம். தோட்டங்களிலிருந்து வந்து நகரத்தில் வேலை தேடிக்கொண்ட எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் அங்கே அதிகம். சந்தின் நடுவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பலசரக்குக் கடை. அந்தக் கடைக்காரரை எல்லோரும் நானா என்பார்கள். அதற்கு எதிரே தையல்கடை. அத்தான் தேயிலைக் கம்பனி ஒன்றில் களஞ்சியப் பகுதியில் வேலை செய்தார். வேலை செய்தார் என்று சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. உண்மையில் கம்பனிகளுக்கிடையே நடக்கும் குத்துச்சண்டைப் போட்டிகளில் அவர்களுக்காக மேடை ஏறுவதற்கே அவரை எடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் பயிற்சி, முட்டைக்கும் பாலுக்கும் தனிப்படி, வென்றால் பத்திரிகையில் படம். தோட்டத்து லயத்தில், ஒற்றையறைக் காம்பராவில் பிறந்த ஒருவருக்கு அந்த நாளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது விளங்கவைப்பது கடினம்.

அந்தப் படங்களைத் தையல்கடைக்காரர் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலே மாட்டியிருந்தார். அத்தான் மேடையில் அணியும் பளபளப்பான காற்சட்டையை அவர்தான் தைப்பார், கூலி வாங்கமாட்டார். அளவெடுக்கப் போனால் தன் மகனைக் கூப்பிட்டு, "அண்ணனப் பாத்துக்கடா, ஆம்பிளன்னா இப்படி இருக்கணும்" என்பார். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும். தகப்பனோடு கடையில் இருந்து தைத்தான். நல்ல கை அவனுக்கு. யாரும் இல்லாத நேரத்தில் அளவுக் கண்ணாடியின் முன் நின்று இடது காலை முன்வைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முஷ்டிகளை உயர்த்திப் பார்ப்பான். நான் பார்த்துவிட்டால் வெட்கப்பட்டு அளவு நாடாவைத் தேடுவான்.

அவன் மட்டுமல்ல, சந்திலிருந்த எல்லா வீடுகளும் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தன. முட்டை சாப்பிட மறுத்த பிள்ளைகளுக்கும் அவர் பெயர்தான், விடியலில் எழும்பாத பிள்ளைகளுக்கும் அவர் பெயர்தான். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அக்காவிடம், "உங்க வீட்டுல ஒரு சத்தம் கேக்குறதில்லையே, குடுத்து வச்சவ" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சண்டை நடக்கத்தான் செய்தது. சண்டை வருவதுபோலத் தெரிந்தால் அத்தான் முதலில் எழுந்து ஜன்னல்களைச் சாத்துவார். அவர் சாத்தும் விதத்தைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்து பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். மாதத்தில் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போவார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரேயொரு சிகரெட் குடித்துவிட்டு, மணம் தெரியாமலிருக்க வாயில் கராம்பை அடக்கிக்கொண்டு திரும்பி வருவார். "சந்துல குடிச்சா நாளைக்கு பத்துப் பயலுக குடிப்பானுக" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அதில் பெருமை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அண்மையில் ஒரு பாடசாலை விவாதப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். பிரபல விளையாட்டு வீரர்கள் சமூகத்துக்கு முன்மாதிரியா என்பது தலைப்பு. பிள்ளைகள் இரண்டு பக்கமும் நன்றாகவே பேசினார்கள். ஒழுக்கம், உழைப்பு, விடாமுயற்சி என்றது ஒரு பக்கம். பணம், போதை, பந்தயம் என்றது மறுபக்கம். நான் புள்ளி போட்டேன், ஆனால் என் நினைவெல்லாம் வேறெங்கோ இருந்தது. முன்மாதிரி என்று நாம் தூக்கி நிறுத்தும் அந்த மனிதர் அதற்குச் சம்மதித்தாரா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

எண்பத்து மூன்று ஜூலையில், கொழும்பில் தமிழரின் வீடும் கடையும் எரிகின்றன என்ற செய்தி வந்த மறுநாள், கண்டியிலும் புகை எழுந்தது. பகல் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. சந்தின் ஆண்கள் தையல்கடை முன்னால் கூடினார்கள். ஒருவர் கையில் உலக்கை, இன்னொருவரிடம் கதவுத் தாழ்ப்பாள். தையல்கடைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நீங்க முன்னால வந்து நின்னாப் போதும். நீங்க நிக்கிறதப் பாத்தா ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

அத்தான் படியில் நின்று சந்தின் வாயையே பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு, அவர் சட்டையின் முதுகில் வேர்வை பரவுவது தெரிந்தது. அக்கா பிள்ளைத்தாய்ச்சி. உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணே," என்றார் அத்தான், "ரிங்ல எனக்கு எதுக்க ஒருத்தன்தான் வருவான். அவனும் என் நிறைதான் இருப்பான். நடுவுல நடுவர் நிப்பாரு. மணி அடிச்சா ரெண்டு பேரும் நிறுத்திருவோம். இது அது இல்லீங்கண்ணே. எல்லாரையும் கூட்டிக்கிட்டு பின்னால மதிலுக்கு வாங்க. சீக்கிரம் வாங்க."

தையல்கடைக்காரர் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மனைவியைக் கூப்பிட ஓடினார்.

மதில் இரண்டு ஆள் உயரம் இருக்கும். அத்தான் அதில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார். அவர் முதுகில் கால் வைத்து, தோளில் ஏறி, ஒவ்வொருவராக மேலே போனோம். அக்காவை ஏற்றும்போது மட்டும் இருவர் மேலிருந்து பிடித்துக்கொண்டார்கள். கைப்பிள்ளைகளையும் கிழவர்களையும் அவர் அப்படியே தூக்கிக் கொடுத்தார். தையல்கடைக்காரரும் மனைவியும் ஏறினார்கள். மகன் மட்டும் ஏறவில்லை. வீட்டு மூலையில் நின்று அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்களா ஓடுறீங்க?"

"ஆமா தம்பி, ஓடுறேன். நீயும் வா."

"நீங்க போங்க. நான் கடையப் பாத்துக்கிறேன்."

அவன் திரும்பிச் சந்துக்குள் நடந்தான். மேலிருந்து அவன் தாய் பெயர் சொல்லிக் கதறினாள். அத்தான் அவன் பின்னால் சில அடி ஓடினார். சந்தின் வாயில் கண்ணாடி உடையும் சத்தமும் கூச்சலும் கேட்டன. அக்கா மதில் விளிம்பைப் பிடித்தபடி, "என்னங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான். அத்தான் நின்றார். அந்தப் பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு திரும்பி ஓடி வந்து, கல் இடுக்கில் காலை ஊன்றி ஏறி எங்களோடு சேர்ந்தார். எத்தனையோ தடவை அந்த இடத்தை மனதில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அக்காவை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் ஏறும்போது அவர் வாய்விட்டு அழுதது மட்டும் தெரியும். சந்துக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். வகுப்பறைத் தரையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தோம். ஊரடங்கு தளர்ந்த முதல் நாள், ஒரு மூட்டை பாண் ரொட்டியோடு நானா வந்தார். தையல்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"புள்ள உசிரோட ஈக்கிறான். பெரியாஸ்பத்திரியில சேத்தாச்சு. வலக்கைதான்... டொக்டர்மார் பாக்கிறாங்க."

நடந்ததை அவர்தான் சொன்னார். அவன் கடை வாசலில் இடது காலை முன்வைத்து, முஷ்டிகளை உயர்த்திக்கொண்டு நின்றானாம். கும்பலில் சிலர் சிரித்தார்களாம். முதலில் வந்தவன் ஒரே குத்தில் விழுந்தான். "அதுக்குப் பொறகு ஒருத்தரா வரல்ல" என்று சொல்லி நானா நிறுத்திக்கொண்டார். இரும்புக் கம்பியால் அடித்திருந்தார்கள். அவன் செத்துவிட்டான் என்று நினைத்துக் கடைக்குத் தீ வைத்துவிட்டு அவர்கள் அடுத்த வீடுகளுக்குப் போனதும், நானாவும் அவர் தம்பியும் அவனை இழுத்துப்போய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்திருக்கிறார்கள்.

அத்தான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தையல்கடைக்காரர் அவரிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அத்தானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவன் உங்கள மாதிரி நின்னான் தம்பி. நீங்கதான் உங்கள மாதிரி நிக்கல."

அன்றிலிருந்து முகாமில் அத்தானோடு யாரும் அதிகம் பேசவில்லை. தண்ணீர் வரிசையில் அவர் நின்றால், முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் தோளில் ஏறித் தப்பியவர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வீடும் கடையும் எரிந்துபோன சனம். இடிக்க முடியாத ஒன்று தங்கள் சந்தில் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள், அதுவும் போய்விட்டது.

ஊரடங்கு தளரும் நேரமெல்லாம் அத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். தனக்குக் கிடைத்த பாணைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்வார். பல நாட்கள் நானும் கூடப் போனேன். தையல்கடைக்காரரின் மகன் அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். வலக்கை தோள்வரை மாக்கட்டு. அத்தான் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பார்வை நேரம் முடிந்து மணியடித்ததும், பாணைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வருவார். அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் கடுகண்ணாவையில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த ஒரு சிங்களப் பெரியவர். இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் அந்தப் பெரியவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அவனைப் பார்த்துச் சொன்னார்:

"மல்லி, இந்த ஆளோட பேசுங்க. நான் எத்தன நாள் ஒங்கட பாண் சாப்பிடுறது?"

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. வார்டில் யாரோ சிரித்தார்கள். சுவரைப் பார்த்துக் கிடந்தவனின் தோளும் சிறிது குலுங்கியது. திரும்பாமலே கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கும்." பிறகு மெல்லத் திரும்பினான். "ரிங்லயும் பயப்படுவீங்களா?"

"ஒவ்வொரு தடவையும். ஏறுறதுக்கு முந்தி வாந்தி வரும். அக்காவக் கேட்டுப் பாரு."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கலியே தம்பி."

அவன் அவரை வெகுநேரம் பார்த்தான். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது போக வருடங்கள் ஆயின. ஆனால் அன்று இடக்கையை நீட்டினான். பெரியவர் பாணைப் பாதியாகப் பிய்த்து அவனிடம் கொடுத்தார்.

நாங்கள் சந்துக்குத் திரும்பியபோது தையல்கடை இருந்த இடத்தில் கரிச்சுவர்தான் இருந்தது. எங்கள் வீட்டில் சாமான்கள் போயிருந்தன, கூரை தப்பியிருந்தது. வருட முடிவில் அக்காவுக்கு மகன் பிறந்தான். அடுத்து வந்த போட்டியில் அத்தான் மேடை ஏற வேண்டியிருந்தது. அதற்குத்தான் சம்பளம். போட்டிக்கு முந்திய நாள் நானாவின் கடையில் யாரோ, முன்பு போலவே, "என்ன, நாளைக்கு வெற்றிதானே?" என்று கேட்டார். பழைய அத்தானாக இருந்திருந்தால் சிரித்துத் தலையாட்டியிருப்பார். அன்று, "தெரியலீங்க. பயமாத்தான் இருக்கு" என்றார். கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் புள்ளி அடிப்படையில் தோற்றார். சந்திலிருந்து பார்க்க வந்தவர்கள் நானும், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தையல்கடைக்காரரின் மகனும்தான். அவன் கத்தவில்லை, கைதட்டவும் முடியாது. கடைசிவரை எழுந்து நின்றே பார்த்தான்.

அதற்குப் பிறகு எந்தத் தாயும் பிள்ளைக்கு அத்தானைக் காட்டவில்லை. எனக்கு முதலில் அது வலித்தது. அத்தானோ நாளுக்கு நாள் இலகுவாகிக்கொண்டு வந்தார். வாசலில் உட்கார்ந்து சிகரெட் குடித்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே அக்காவோடு சண்டை போட்டார். அவளும் சளைக்காமல் போட்டாள். சந்துக்காரர்கள், ஏணி பிடிக்கவும் தகரம் மாற்றவும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் அவரிடம் இதைக் கேட்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. படத்தில் இருப்பவரைப் போய் யார் ஏணி பிடிக்கச் சொல்வார்கள்?

தையல்கடைக்காரர் மட்டும் பேசாமலே இருந்தார். ஒருநாள் கம்பளையில் வாங்கிய ஒரு பழைய தையல் மிஷின் சந்துக்குக் கைவண்டியில் வந்து இறங்கியது. இரும்புக் காலோடு நல்ல பாரம். மகனின் கை கூடி வந்திருந்தாலும் முழங்கை நிமிராது, பாரம் தூக்க முடியாது. அவர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். சந்தில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு, எங்கள் வாசலைப் பார்த்து, "தம்பி, இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க" என்றார். அத்தான் போய்ப் பிடித்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் புதுச் சுவருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தையல்கடைக்காரர் வெற்றிலைப் பையை நீட்டினார், அத்தான் எடுத்துக்கொண்டார்.

அத்தான் இன்னும் சில போட்டிகள் ஆடிவிட்டு, உண்மையாகவே களஞ்சியக் காப்பாளராகி, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றார். யுத்தம் வருடக்கணக்காக நீண்டது. தொண்ணூறுகளின் நடுவில் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாடு முழுக்கக் கிரிக்கெட் பைத்தியம் பிடித்திருந்த காலம். அவன் கட்டிலுக்கு மேலே ஒரு துடுப்பாட்டக்காரரின் பெரிய வர்ணப் படம் ஒட்டியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, அந்த வீரர் எங்கோ ஒரு விடுதியில் குடித்துவிட்டு ஒரு பணியாளரை அடித்ததாகப் பத்திரிகையில் வந்திருந்தது. பையன் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். அத்தான் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார்.

"அந்தாளு துடுப்பப் புடிக்கிறது அழகா இருந்துச்சுல்ல? அது இன்னும் அழகுதான். அடிச்சது தப்புதான். ரெண்டும் ஒரே ஆளுதான்டா."

"நான் அவர மாதிரி வரணும்னு நெனச்சேன்பா."

அத்தான் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனிடம் அதுவரை சொல்லாததை அன்று சொன்னார். மதிலையும், "நீங்களா ஓடுறீங்க" என்று ஒருவன் கேட்டதையும், தான் பாதி தூரம் போய்த் திரும்பி வந்ததையும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து அவர் தோளில் கையை வைத்தாள்.

"அந்த அண்ணன் இப்ப எங்கப்பா?" என்றான் பையன்.

"உன் ஸ்கூல் சட்டையத் தச்சது யாரு?"

கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையை அவன் எழுந்து போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தை மாதமும் கோணிய கையால் நாடாவைப் பிடித்து அவனுக்கு அளவெடுத்து, "வளந்துட்டியேடா" என்று தலையில் தட்டும் மனிதரை அவன் வேறு விதமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து கேட்டான்.

"இப்பவும் உங்களுக்குப் பயம் இருக்காப்பா?"

"இருக்கு."

"எதுக்கு?"

"காலையில நீ ஸ்கூலுக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும்."

அந்த நாட்களில் பஸ்களை நிறுத்திச் சோதிப்பதும், அடையாள அட்டையைக் கேட்பதும், எங்கோ குண்டு வெடித்தால் எங்கள் பையன்களைப் பொலிஸார் பிடித்துக்கொண்டுபோவதும் வழக்கமாகியிருந்தன. மகன் வீட்டுக்கு வர நேரமானால் அத்தான் சந்தின் வாயில் போய் நிற்பார். காற்று வாங்கப் போகிறேன் என்பார். அவர் எதற்குப் போகிறார் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நண்பர்களோடு நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்தான்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. அக்கா மகனுக்குக் கொழும்பில் வேலை, தலையில் நரை விழத் தொடங்கிவிட்டது. அவன் பெரிய விளையாட்டு வீரனாகவில்லை, யாருக்கும் அவனைத் தெரியாது. ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து அறைக்குள் நுழைந்ததும் கண்டிக்குப் போன் எடுக்கிறான். அத்தானுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, போனை அக்காதான் அவர் காதில் வைத்துப் பிடிக்கிறாள். "வந்துட்டேன்பா" என்கிறான் அவன். அத்தான் "சரி" என்கிறார். வேறு பேச்சு இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட உட்காருகிறார்.